பார்த்தாச்சு

எனக்குப் பேச வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குத் தையல் வரும், சிலருக்குக் கணக்கு வரும், அது மாதிரிதான். கல்யாணமான புதிதில் என் கணவர் சொல்வார்: "உன்கூட சண்டை போடலாம்னு வந்தா, கடைசியில நான்தான் உனக்கு நன்றி சொல்லிட்டுப் போறேன். எப்படின்னே தெரியல." அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பேச்சு மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நேற்று உங்கள் அறையில் வந்து உட்கார்ந்ததும், வாயால் சொல்லவில்லை, எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். நீங்கள் ஏன் என்று கேட்காமல் காகிதத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். பேசினால் உங்களையும் சமாதானப்படுத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால்தான் கேட்டேன். நீங்கள் விசாரிக்க வந்த அதிகாரி. எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது.

குழந்தைகள் இதயப் பிரிவில் எனக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸாகச் சேர்ந்தவள். பிறகு வெளியூர்களிலிருந்து வரும் குழந்தைகளுக்குத் தேதி கொடுக்கிற மேசையில் உட்கார்ந்தேன். எந்த ஊர் டாக்டர் அனுப்பினாலும் அந்தக் குழந்தையின் ஸ்கேன் படம் முதலில் என்னிடம்தான் வரும். நான் அதைப் பட்டியலில் சேர்த்தால்தான் வாரக் கூட்டத்தில் டாக்டர்கள் பார்ப்பார்கள். பார்த்த பிறகு என்ன முடிவு என்பதைப் பெற்றோரிடம் சொல்வதும் நான்தான். அதற்கென்று மீன்தொட்டி வைத்த ஒரு சின்ன அறை உண்டு. கெட்ட செய்தி என்றால் அந்த அறை, நல்ல செய்தி என்றால் மேசையிலேயே. இது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பெற்றோருக்குத் தெரியாது. அவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பிரிவுக்கு நான் வந்ததே என் மகளால்தான். அவள் நீலம் பாரித்துப் பிறந்தாள். இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருந்தன, கூடவே வேறு சிக்கல்களும். இரண்டு ஆஸ்பத்திரிகளில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவதாக இங்கே வந்தேன். பெரிய டாக்டர் அப்போது இளைஞர். அதிகம் பேசமாட்டார். நர்ஸுகள் அவருக்கு மௌனசாமி என்று பட்டம் வைத்திருந்தார்கள். என் மகளின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி வாய்ப்புக்கூட இல்லம்மா. ஆபரேஷனுக்கு எடுக்கலேன்னா வாய்ப்பே இல்ல. எடுக்கட்டுமா?" என்றார். அவ்வளவுதான். மீன்தொட்டி கிடையாது, ஆறுதல் கிடையாது.

என் மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறாள். நெஞ்சில் தழும்பைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்டால், "என்னைத் திறந்து பாத்துட்டு நல்லாதான் இருக்குன்னு மூடிட்டாங்க" என்பாள்.

எனவே அந்த மனிதருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது உங்களுக்கே விளங்கும்.

பிறகு அந்த அட்டவணை வந்தது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் நடந்தது, ஒரு மாதத்துக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அரசாங்கம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட ஆரம்பித்தது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்த அட்டவணைமேல் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவப்போவதில்லை. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டிருந்தார்கள்: சிக்கலான நிலையில் வரும் குழந்தைகளை அதிகமாக ஏற்கும் ஆஸ்பத்திரிகளில் இறப்பு கூடுதலாகத் தெரியலாம், எனவே எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம் என்று. நியாயமானவர்கள் செய்த நியாயமான காரியம்.

முதல் வருஷம் எங்கள் ஆஸ்பத்திரி கடைசியில் இருந்தது. என் மகளை எடுத்ததுபோல எல்லாரையும் எடுத்துக்கொண்டிருந்தவர் பெரிய டாக்டர். பிறகு எப்படி இருக்கும்? ஒரு பத்திரிகை அவர் படத்தைப் போட்டு, 'இங்கே போகும் குழந்தைகள் திரும்புவார்களா?' என்று தலைப்பு கொடுத்தது. பொடி எழுத்துக் குறிப்பை அவர்கள் போடவில்லை. மறுநாள் காலை அவர் கார் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் யாரோ விரலால் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவரே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழுவினார். அந்த ஒரு கண்ணாடியைக் கழுவினால் பளிச்சென்று தெரியுமே என்று நினைத்தாரோ என்னவோ, கார் முழுவதையும் கழுவினார். பிறகு மேலே வந்து வழக்கம்போல வார்டைச் சுற்றினார்.

சில வாரம் கழித்து மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்குப் பெரிய டாக்டர் ஆபரேஷன் பாதியில கையை எடுத்துட்டு அப்படியே நின்னுட்டாரு சிஸ்டர்" என்றார். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் செஞ்சு முடிச்சுட்டாரு. குழந்தைக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல."

அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவர் உடைந்துபோனால் இனி வரும் குழந்தைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். யோசனை சரியானதுதான். இப்போது எழுதிப் பார்க்கும்போதும் அதில் பிசகு தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த வாரம் வந்தவர்கள் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரும் அவர் மனைவியும். பிறந்து சில வாரமே ஆன ஆண் குழந்தை. இதயத்தின் ஒரு பக்கம் வளரவே இல்லை. வருஷக்கணக்காக இந்தப் படங்களோடு பழகியவள் நான். எது லேசு, எது கஷ்டம் என்று டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரியும். இது மூன்று ஆபரேஷன் கேட்கும் குழந்தை. முதலாவதிலேயே போகலாம். பட்டியலில் அதன் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். வாளியோடு நின்ற டாக்டர் ஞாபகம் வந்தார். பேனாவை மூடினேன்.

இந்த ஒரு குழந்தை மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டேன். அவர் கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும்.

அவர்களை மீன்தொட்டி அறைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் கேட்டாள்: "டாக்டர் பாத்துட்டாரா சிஸ்டர்?"

"பார்த்தாச்சும்மா" என்றேன்.

நம் பேச்சில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. பார்த்தாச்சு என்றால் பார்த்தவர் யார் என்பது அதில் வராது. நான் பார்த்தேன். படம் பார்க்கப்பட்டுவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. "குழந்தை இப்ப இருக்கற நிலைமையில தாங்காதும்மா. வீட்டுக்குக் கொண்டுபோங்க. நல்லா பால் குடுங்க. கொஞ்சம் எடை ஏறட்டும், பாப்போம்." இதிலும் பொய் கிடையாது. எடை ஏறியிருந்தால் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த இதயத்தை வைத்துக்கொண்டு எடை ஏறாது. அதைச் சொல்லவில்லை.

வெல்டிங்காரர் சொரசொரப்பான கைகளால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பொறுமையா யாருமே எங்ககிட்ட பேசல சிஸ்டர்" என்றார்.

மூன்று வாரத்தில் குழந்தை இறந்துவிட்டது. அந்தப் பெண்ணே போன் செய்தாள். அழவில்லை. "நீங்க சொன்னதாலதான் சிஸ்டர், கடைசி வரைக்கும் என் மடியிலயே வச்சிருந்தேன். ஊசி, குழாய் எதுவும் இல்லாம போனான்." போனை வைத்துவிட்டு நான் அழுதேன். முகம் கழுவினேன். தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருக்கும்போதே, இந்தச் சாவு அட்டவணையில் வராது என்ற நினைப்பும் வந்தது. ஆபரேஷன் செய்யாத குழந்தை எந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலும் சேராது. வீட்டில் போகிற குழந்தை யாருடைய குழந்தையும் இல்லை, பெற்றவர்களைத் தவிர. என் நெஞ்சு லேசானது. அந்த லேசை நான் மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை அதிகமாகக் கூசவைப்பது அதுதான்.

ஒரு குழந்தையோடு நிற்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை என்று கேட்டீர்கள். நான் எண்ணவில்லை. எண்ணிக்கை வைத்துக்கொள்கிறவர்கள் கெட்டவர்கள் என்றும், நான் அப்படிப்பட்டவள் அல்ல என்றும் நினைத்திருந்தேன். நீங்கள் எண்ணி வைத்திருப்பது சரியாகத்தான் இருக்கும்.

சிலர் லேசில் விடமாட்டார்கள். "வேற எங்கயாவது காட்டலாமா சிஸ்டர்?" என்பார்கள். ஒரு நாள் ரயில் தூரத்தில், துறைமுக ஊரில் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. எங்கும் எடுக்காத குழந்தைகளையும் அங்கே எடுப்பார்கள். ஆகவே அட்டவணையில் இப்போது அவர்கள்தான் கடைசி. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் போனை எடுத்து அரசாங்கத்தின் அட்டவணையையே காட்டுவேன். "நான் சொல்லலம்மா, நீங்களே பாருங்க" என்பேன். பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே வந்து, துறைமுக ஆஸ்பத்திரியின் வரியில் நிறுத்துவேன். இன்னும் கொஞ்சம் தள்ளினால் அந்தப் பொடி எழுத்துக் குறிப்பு வரும். என் விரல் அதுவரை போகாது. பெற்றோர் அந்த எண்ணைப் பார்ப்பார்கள், பிறகு குழந்தையைப் பார்ப்பார்கள். அதற்குமேல் நான் பேசவேண்டியதே இருக்காது.

உலகத்தில் யாரும் மறுக்கமுடியாத உண்மையைக் காட்டி ஒரு குழந்தையைச் சாகவிடலாம் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அப்போது இந்தச் சொற்களில் நினைக்கவில்லை. குழந்தையை வீணாக அலைக்கழிக்காமல் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். காப்பாற்றுவது என்ற சொல்லை நான் அந்த நாட்களில் நிறையப் பயன்படுத்தினேன்.

எங்கள் ஆஸ்பத்திரி அட்டவணையில் ஏறியது. இரண்டாம் வருஷம் நடுவில், மூன்றாம் வருஷம் முதலில். கேக் வெட்டினார்கள். காரைக் கழுவ வைத்த அதே பத்திரிகை பெரிய டாக்டரின் படத்தைச் சிரித்த முகத்தோடு போட்டது. அவர் கை நிதானத்துக்கு வந்துவிட்டது என்று மயக்க மருந்து டாக்டரம்மா சொன்னார். கேக் துண்டை ஒரு காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் என் மேசைக்கு வந்தார். அவர் சாப்பிடவில்லை. என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டர், இப்பல்லாம் சிக்கலான குழந்தைங்க வர்றதே இல்லையே. எங்க போறாங்க?"

"துறைமுக ஊருக்குப் போறாங்க போல டாக்டர்."

"அவ்வளவு தூரமா?" என்றார். பிறகு, "எம்மேல நம்பிக்கை போயிருச்சு போல. அந்தப் பத்திரிகை வந்ததுல இருந்து" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இல்லை டாக்டர், உங்களைத் தேடித்தான் வருகிறார்கள், நான்தான் வாசலில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யாருடைய மனம் நோகக்கூடாது என்று ஆரம்பித்தேனோ அவர் மனம் என் எதிரில் நொந்துகொண்டிருந்தது. நான் கேக்கைச் சாப்பிட்டேன்.

"யாராவது வந்தா அனுப்புங்க. எனக்கு இப்ப பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி டாக்டர் என்றேன். அனுப்பவில்லை.

ஏன் என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். அப்போது என்னால் சொல்லமுடியவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். அவர் கேட்டபடி ஒரு குழந்தையை அனுப்பி, அவர் எடுத்து, அது பிழைத்துவிட்டால்? வெல்டிங்காரர் குழந்தையும் பிழைத்திருக்கும் என்றாகிவிடும். அதன் பிறகு நான் திருப்பி அனுப்பிய ஒவ்வொன்றும் பிழைத்திருக்கும் என்றாகிவிடும். பிழைக்காத குழந்தைகளைத்தான் திருப்பி அனுப்பினேன் என்று நான் நம்பியாகவேண்டும். அதற்கு, அப்படிப்பட்ட குழந்தை ஒன்றுகூட எங்கேயும் பிழைக்கக்கூடாது. நர்ஸாக இருந்தவள், ஒரு பெண்ணுக்குத் தாய், தினமும் காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போய் இதை வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று பிழைத்துவிட்டது.

சலவைக்கடை வைத்திருந்த ஒரு பெண். தனியாள். அவள் குழந்தையின் இதயம், வெல்டிங்காரர் பையனுடைய அதே இதயம். மீன்தொட்டி அறையில் வைத்து எல்லாம் சொன்னேன். அட்டவணையைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சரிங்கக்கா. ஆனா அங்கயும் பாதிக்கு மேல பொழைக்குதே. வீட்ல வச்சிருந்தா எத்தனை பொழைக்கும்?" என்று கேட்டாள். முகத்தில் கோபம் கிடையாது. துணிக்கு விலை கேட்பதுபோலக் கேட்டாள். எனக்கு முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. அன்று மாலையே ரயில் ஏறியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அதுவும் போயிருக்கும் என்றுதான் இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, போன மாதம், வெளிநோயாளர் பிரிவில் பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு சின்னப் பெண் பெஞ்சின்மேல் ஏறி நின்று, பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர்கள் செருப்பு ஏன் அந்த நிறம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக நீலம். வாய் ஓயவில்லை. அவளை உட்காரவைக்க வந்த அம்மாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றாள் சலவைக்கடைக்காரி. "அங்க ரெண்டு ஆபரேஷன் ஆயிருச்சு. மூணாவதுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியிலயே காட்டிக்கோன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு வழி இல்லை. உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் குழந்தையின் சட்டையை விலக்கித் தழும்பைப் பார்த்தார். அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். யாரோ செய்த நல்ல வேலையைப் பார்க்கிறவர் தடவுவது மாதிரி. பிறகு கேட்டார்:

"இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு ஏம்மா அவ்வளவு தூரம் போனீங்க? இங்க வந்திருக்கலாமே."

"இங்கதான் முதல்ல வந்தோம் டாக்டர். நீங்க படம் பாத்துட்டு முடியாதுன்னு சொல்லிட்டீங்களே."

"நானா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அக்காதான் வந்து சொன்னாங்க. பார்த்தாச்சுன்னு." என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. உடனே எனக்குப் பரிந்துகொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். "அக்கா நல்ல மனசுலதான் சொன்னாங்க டாக்டர். ரொம்ப அன்பா பேசினாங்க. எனக்குத்தான் கேட்டுக்கற புத்தி இல்ல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தை என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்து, "இது ஓடுதா?" என்று கேட்டது. ஓடுது என்றேன். அதற்குமேல் அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை. ஆனால் நின்றேன்.

அவர்கள் போன பிறகு, "கதவைச் சாத்துங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். சாத்தினேன். அவர் சத்தம் போடவில்லை.

"இது மட்டுமா?"

"இல்ல டாக்டர்."

"ஏன்?"

"உங்களுக்காகத்தான்." வாளியைப் பற்றிச் சொன்னேன். பாதியில் கையை எடுத்துவிட்டு நின்றதாக டாக்டரம்மா என்னிடம் சொன்னதைப் பற்றிச் சொன்னேன். என் மகளைப் பற்றியும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும்.

அவர் மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்க பொண்ணை எடுத்தப்ப நிறுத்தாமலே செஞ்சு முடிச்சேன்னு நெனச்சீங்களா? அன்னிக்கும் பாதியில நின்னேன். கஷ்டமான குழந்தைன்னா எப்பவும் நிப்பேன். நின்னு யோசிச்சுட்டுதான் செய்வேன். அந்த டாக்டரம்மா புதுசு, அவங்களுக்குத் தெரியாது. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஒரு வார்த்தை. ஊரெல்லாம் பேசியவள், அவரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை. அவர் அன்றே போய் மேலிடத்தில் சொல்லிவிட்டார். என்னைப் பற்றி மட்டுமல்ல, தன்னைப் பற்றியும்: மூன்று வருஷமாகக் கஷ்டமான குழந்தை ஒன்றுகூடத் தன் மேசைக்கு வரவில்லை என்பதைப் பார்த்தும், தேடிப் போகாமல் இருந்துவிட்டேன் என்று சொன்னாராம். அவர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என் மகளிடம் நானே சொன்னேன். குளத்திலிருந்து வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். நான் முடித்ததும், "நீ இப்பவும் நல்லாதாம்மா பேசற" என்றாள். துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தன் தோழி வீட்டுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தினமும் சாப்பிட்டாயா என்று செய்தி அனுப்புகிறேன். சாப்பிட்டேன் என்று பதில் வருகிறது. வேறு ஒன்றும் வருவதில்லை.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நீங்கள் கேட்ட எதற்கும் பதில் மிச்சமில்லை. ஆனால் நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது.

இதுவரை எழுதியதைப் படித்தால், இந்தப் பெண் பேசினாள், அவ்வளவுதானே, முடிவெடுத்தது பெற்றோர்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். சலவைக்கடைக்காரி என் பேச்சைக் கேட்காமல் போகவில்லையா என்று தோன்றலாம். எனக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது. கேக் வெட்டிய அந்த வருஷம் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் வந்தார். அவரும் கேட்கவில்லை. பெண் குழந்தை, நாலு மாதம். அட்டவணையைக் காட்டினேன், தலையாட்டினார், வீட்டுக்குப் போய் மனைவியோடு பேசிவிட்டு மறுநாள் போன் செய்தார். "சிஸ்டர், துறைமுக ஊருக்கே கொண்டுபோறோம். அங்க கூட்டம் ஜாஸ்தியாம், இப்பல்லாம் படத்தை முதல்ல அனுப்பச் சொல்றாங்க. அதைப் பாத்துட்டுதான் படுக்கை ஒதுக்குவாங்களாம். உங்ககிட்ட இருக்கற படத்தை அனுப்பிடறீங்களா?"

"இன்னிக்கே அனுப்பிடறேன்பா" என்றேன்.

என் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போயிருக்கும். அவர்கள் முகவரியைக்கூட அடித்து வைத்தேன். நல்ல துடிப்புள்ள குழந்தை அது. என் கணிப்பில் பிழைக்கக்கூடிய குழந்தை. அதனால்தான் அழுத்தவில்லை. பிழைத்துவிடும் என்று தெரிந்ததனால்.

அவர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கேட்டார். அனுப்பியாச்சுப்பா, அவங்கதான் பார்க்கணும் என்றேன். இது பொய். நான் சொன்ன ஒரே பொய் என்று எழுத வந்தேன். அப்படி எழுதினால் மற்றதெல்லாம் உண்மை என்றாகிவிடும், எனவே வேண்டாம். அங்கே கேட்டால் வரவில்லை என்றார்களாம். பெரிய ஆஸ்பத்திரி, எங்காவது கிடக்கும், தேடச் சொல்லுங்க என்றேன். தேடினார்கள். தேடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை போய்விட்டது.

பிறகு ஒரு நாள் வேன் ஓட்டுநர் நேரில் வந்தார். பள்ளி விட்டு, பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, காலி வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். மீன்தொட்டி அறையில் உட்காரவைத்தேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். அந்தப் படம் சரியான நேரத்துல அவங்க கண்ணுல பட்டிருந்தா எம்பொண்ணு பொழைச்சிருப்பாளா? எம்பொண்டாட்டி தூங்க மாட்டேங்கறா. நானும்தான்."

அவர் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். "இல்லப்பா. எங்க கொண்டுபோயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரு குறையும் வைக்கல" என்றேன். அவர் உடம்பு அப்படியே தளர்ந்ததை என் கைகளில் உணர்ந்தேன். நெடுநேரம் அழுதார். எழுந்து போகும்போது, இன்றைக்குத்தான் தூங்குவேன் என்றார். எனக்கு நன்றி சொன்னார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

டாக்டருக்காக என்று மேலே பல இடத்தில் எழுதியிருக்கிறேன். இந்த வேன் ஓட்டுநரின் மகளுக்கு அது பொருந்தாது. அவள் எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் வரவே போவதில்லை. அவள் பிழைத்தால் டாக்டருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குத்தான். அவளை நான் கொன்றேன்.

அந்த மனிதருக்கு இன்னும் எதுவும் தெரியாது. தினமும் வேன் ஓட்டிக்கொண்டு, என் வார்த்தையை நம்பித் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்லியாகவேண்டும். அதை நீங்களோ வேறு யாராவதோ போய்ச் சொல்லுங்கள். என்னை அனுப்பாதீர்கள். நான் போய்ச் சொன்னால், கடைசியில் அவர் எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பிவைப்பார்.